நான்காவது வாக்குறுதி

...பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார், இப்போது பதினொன்று இருபது, இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, நாற்பது நிமிடத்தில் ஒரு மனிதன் எவ்வளவோ செய்யலாம், தலையிடி என்று கூடத் துண்டு கொடுக்கிற ழாக்கிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், பொய் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் கால் அசைய மாட்டேன் என்கிறது. லா சப்பல் மெற்றோவின் படிக்கட்டடியில், கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரங்களோடு, முகத்தில் வேட்பாளர்ச் சிரிப்போடு நிற்கிறேன். தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள். மேலே இரும்புப் பாலத்தில் ரயில் வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ இடறி விழுகிறது. ரயிலுக்கு இல்லை இந்தப் பயம், முந்தி என்னோடு ஒரே அறையில் இருந்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைக்கு. நேற்றுப் பின்னேரம் ஃபோன் எடுத்தார். "குகன், அந்தப் பழைய மெற்றோப் பிரச்சினை இருக்கெல்லே, என்ரை பிரெஞ்சு நசனாலிற்றியைக் கெடுத்தது, அதிலை இப்பதான் எனக்கொரு விசயம் விளங்கினது. நாளைக்கு மெற்றோவடியிலை நிப்பாய்தானே, பன்னிரண்டு மணிக்கு வாறன், நேரிலை கதைப்பம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். என்ன விளங்கியது? யார் விளங்கப்படுத்தினார்கள்? குரலில் கோபம் இருந்ததா, இல்லையா, இரவு முழுக்க அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன், கோபம் இருந்தது போலவும் இருந்தது, தடிமன் பிடித்த குரல் போலவும் இருந்தது. மனைவி கோசலை இரண்டு தரம் எழும்பி, "என்னப்பா, தேர்தல் பயமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஒரு துண்டை நீட்டுகிறேன், ஒருவர் வாங்கிப் பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைக்கிறார், இன்னொருத்தி தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். துண்டில் என் படம் இருக்கிறது, குகதாசன், எட்டாம் இடம், போக்குவரத்தும் வீதிகளும். எட்டாம் இடம் என்றால் ஏதோ பின்வாங்கு என்று நினைக்கக்கூடாது, பட்டியல் நன்றாக ஓடினால் பத்தாம் வட்டார நகரசபையில் எனக்கும் ஒரு கதிரை. எங்கள் பட்டியலின் தலைவி ஜிஸ்லேன் என்னை முதன்முதலில் சந்தித்தது ஒரு குடியிருப்பாளர் கூட்டத்தில். அங்கே நான் எழுந்து, புறநகர் சன்-தெனித் தெருவில் எந்த மூலையில் நடைபாதை எத்தனை அடிக்குச் சுருங்குகிறது, எந்த இடத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது, தள்ளுவண்டிக்காரன் எந்த விளிம்பில் தடக்கி விழுவான் என்று வரிசையாகச் சொன்னேன். கூட்டம் வாயைப் பிளந்தது. இந்த வட்டாரத்து நடைபாதை எல்லாம் இந்த மனிதருக்கு மனப்பாடம் என்று அன்றைக்கே ஜிஸ்லேன் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஏன் மனப்பாடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்... அம்மா, நான் நாலு வருடம் காகிதம் இல்லாதவனாக இந்த ஊரில் இருந்தேன், மெற்றோவில் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நடந்தேன், விடிய நாலு மணிக்கு நடந்தேன், சப்பாத்துக்குள் அட்டை வைத்து நடந்தேன், நடந்தவனுக்கு நடைபாதை தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்றா?

எல்லாக் காலைகளிலும் நடக்க முடிந்திருந்தால் இன்றைக்கு இந்த நடுக்கம் இல்லை. துண்டில் உள்ள முதல் மூன்று வாக்குறுதிகளும் நான் எழுதியவை, அவற்றை எந்தக் கூட்டத்திலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஒன்று, உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கும் பேருந்து ஓடவேண்டும். இரண்டு, கடைகளுக்குச் சாமான் இறக்க நேரமும் இடமும் ஒதுக்கவேண்டும், அப்போதுதான் லொறிகள் பேருந்தின் வழியை மறிக்காது. மூன்று, வீதி ஓரத்தில் நடுகிற இரும்புத் தூண்கள் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையாரின் தேர் மூலையில் திரும்பாது. இந்த மூன்றாவதைச் சொன்னபோது ழாக் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு அளவுநாடாவோடு என்னுடன் வந்து தேரின் அகலத்தைக் கேட்டு எழுதிக்கொண்டான், தபால் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், அளவென்றால் அவனுக்கு உயிர். நான்காவது வாக்குறுதி ஜிஸ்லேனுடையது. கட்டணம் கட்டாமல் பயணம் செய்கிறவர்களுக்கு இனித் தயவு கிடையாது, நிலையங்களில் கூடுதல் பரிசோதகர்கள் வேண்டும், திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களின் பெயர்கள் பதிவில் இருக்கவேண்டும், நகரசபை இதற்காகக் குரல் கொடுக்கும். வாசித்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், போக்குவரத்து என்னுடைய பகுதி அல்லவா, நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மறுக்காத வாயைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா, வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அதை நீங்களே பேசுங்கள், வேறு நாட்டிலிருந்து வந்து முதல் நாளிலிருந்தே சட்டத்தை மதித்து வாழ்ந்த ஒருவர் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கும் என்றாள். நானும் தலையை ஆட்டினேன், ஆட்டாமல் என்ன செய்வது.

அதோ, வந்துவிட்டார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை இல்லை, கொன்ட்ரோல்காரர், பயணச்சீட்டுப் பரிசோதகர்கள். ஆறு பேர், இரண்டு பெண்கள், நாலு ஆண்கள், படிக்கட்டு முடியும் இடத்தில் அரைவட்டமாக நின்றுகொள்கிறார்கள், இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொருவராக அட்டையை நீட்டவேண்டும். என்னிடமிருந்து ஏழெட்டு அடிதான். கை தானாகவே சட்டைப்பைக்குள் போய் நவிகோ பயண அட்டையைத் தடவுகிறது, இருக்கிறது, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிய அட்டை, பிரெஞ்சு அடையாள அட்டையும் இருக்கிறது, பதினாலு வருடமாகப் பிரெஞ்சுக்காரன், தேர்தல் வேட்பாளன், நான் ரயிலிலிருந்து இறங்கக்கூட இல்லை, தெருவில் நிற்கிறேன், ஆனாலும் அட்டையைப் பிடித்த பிடியை விட முடியவில்லை. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பயம்... வெட்கமாக இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டது ஸ்டாலின்கிராட் மெற்றோவில். விடிய ஐந்தரைக்கு, கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலை, அன்றைக்குக் காய்ச்சல், நடக்க முடியவில்லை, வேலைக்குப் போகாவிட்டால் நாளைக்கு வேறொருவன் அந்த இடத்தில் நிற்பான், இரும்புத் தடுப்பைத் தாண்டிக் குதித்தேன். அந்தப் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். பெயர் என்ன என்றார் ஒருவர். என் பெயரைச் சொன்னால் அகதி மனு மறுக்கப்பட்டவன் என்று வரும், பொலிஸ் வரும், விமானம் வரும், கட்டுநாயக்கா விமான நிலையம் வரும், அதற்குப் பிறகு என்ன வரும் என்று நினைக்கவே முடியவில்லை. வாய் திறந்தது, ஸ்ரனிஸ்லாஸ் என்றது. அவருக்குப் பத்து வருட வதிவிடக் காட் இருந்தது. எங்கள் அறையில் ஒழுங்கான காகிதம் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாமே, நிறுத்தினேனா? பயம் ஒரு தடவை வேலை செய்துவிட்டால் பிறகு அது பழக்கமாகிவிடுகிறது. குளிர்காலம் முழுக்க ஏறினேன். பிடித்தபோதெல்லாம் அந்தப் பெயர், அந்தப் பிறந்த திகதி, அந்த விலாசம், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அவர்கள் தண்டம் எழுதி எழுதி அனுப்பினார்கள். கடிதங்கள் எங்கே போயின? அதை நினைத்தால்தான்... ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம், மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு. வேலைகளைப் பிரித்திருந்தோம், ஒருவர் சமையல், ஒருவர் உடுப்புத் தோய்க்கப் போவது, ஒருவர் குப்பை, ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை வெதுப்பகத்தில் இரவு வேலை என்பதால் விடிய நாலரைக்கு வரும்போது பாண் கொண்டுவருவது. தபால் என் பொறுப்பு. எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்று எல்லோருமாகச் சேர்ந்து பெட்டித் திறப்பை என்னிடம் தந்திருந்தார்கள், நம்பித் தந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின் பெயருக்கு வந்த அந்த வெள்ளைக் கவர்களை நான் படியிலேயே நின்று கிழித்தேன், துண்டு துண்டாகக் கிழித்து நாலு தெரு தள்ளி ஒரு தொட்டியில் போட்டேன், கடைசியாக வந்தவற்றில் ஒன்றில் நீதிமன்றம் என்ற சொல் இருந்தது, அதையும் கிழித்தேன். மேலே போனால் அவர் பாணை வெட்டி என்னுடைய பங்கைத் துணியால் மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பார், நான் சாப்பிட்டேன். அந்தப் பாண் எப்படித் தொண்டைக்குள் இறங்கியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ழாக் ஏதோ கேட்கிறான், குகா, உனக்குக் குளிர்கிறதா, முகம் சரியில்லையே என்கிறான், இல்லை இல்லை என்று இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒருவருக்கே கொடுத்துவிட்டேன். மார்ச் வெயில் பாலத்துக்குக் கீழே வராது. பதினொன்று முப்பத்தெட்டு. 2004ஆம் ஆண்டில்தான் அவர் குடியுரிமைக்கு மனுப் போட்டார், அப்போது நான் வேறு அறைக்குப் போய்விட்டேன், என் காகிதமும் சரிவந்திருந்தது. மறுத்துவிட்டார்கள். மனுதாரர் பயணச்சீட்டின்றிப் பயணம் செய்வதை வழக்கமாகக் கொண்டவர், நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு என்று கடிதம். அதைத் தூக்கிக்கொண்டு மனிதர் என்னிடம்தான் ஓடிவந்தார், வாசித்துச் சொல்லு என்று. வாசித்துச் சொன்னேன். "நான் ஒருநாளும் ரிக்கற் இல்லாமல் ஏறினதில்லையே குகன், மாதா சத்தியமா ஏறினதில்லை," என்றார், என்னிடமே சொன்னார், நான் சொன்னேன், ஆள் மாறாட்டமாக இருக்கும் அண்ணை, இவங்களுக்கு எங்கட பேர் எல்லாம் ஒண்டுதான் என்று. நம்பினார். ஐந்து வருடம் கழித்துத் திரும்பவும் போட்டார், திரும்பவும் இல்லை. பிறகு விட்டுவிட்டார். அகதிக் காகிதத்தில் இலங்கைக்குப் போகமுடியாது. 2011இல் மன்னார்ப் பேசாலையில் அவருடைய அம்மா இறந்தபோது, அந்தச் செத்தவீட்டை இங்கேயிருந்து ஒரு கணினித் திரையில் பார்த்தார், நானும் பக்கத்தில் இருந்தேன், தோளில் கை வைத்தேன், என் கையை அவர் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் எனக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்தது, நான் ஊருக்குப் போய்வந்தேன், மன்னார் பக்கமும் போனேன், அவருக்குக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தேன். கருவாடு!

"அண்ணை, உங்களைத்தான் தேடினனான்." திடுக்கிட்டுத் திரும்பினேன், கரிகாலன், மரக்கறிக் கடைக்காரன், வீதிக்கு அந்தப் பக்கத்தில் அவன் கடை. "சாமான் இறக்க இடம் விடுவியளோ, இல்லையோ, நேரா ஒரு பதிலைச் சொல்லுங்கோ. சைக்கிள்காரருக்குப் பாதை, மரம் நட ஒரு பாதை, நாய் போக ஒரு பாதை, என்ரை லொறி மட்டும் ஆகாயத்தாலை இறங்கவோ?" பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். நான் ஒன்பது மணிக்கு முன்னர் இறக்குவது, தெருவின் இரு தலைப்பிலும் இரண்டு இடம் ஒதுக்குவது என்று விளக்கத் தொடங்கினேன், வாய் அதுபாட்டுக்குப் பேசியது, நன்றாகவே பேசியது, கண் மட்டும் அவன் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தபடி. அவன் துண்டை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தான். "நாலாவது நல்ல விசயம் அண்ணை. நாங்கள் மாசாமாசம் கட்டுறம், அவங்கள் பாஞ்சு பாஞ்சு போறாங்கள். பேரைப் பதியத்தான் வேணும்." ஓம் என்றேன். ஓம் என்று நான் சொன்னதை என் காதே கேட்டது. படியடியில் ஒருவனை நிறுத்திவிட்டார்கள், மெலிந்த ஆள், எந்த நாட்டுக்காரனோ, பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறான், இல்லாத ஒன்றைத் தேடுகிறவனின் தட்டல் அது, எனக்குத் தெரியும். பெயர் கேட்பார்கள் இப்போது. யாருடைய பெயரைச் சொல்லப்போகிறான்? அவன் வாயைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. சரி, தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், என்ன செய்வார்? கத்துவாரா, இந்தச் சனிக்கிழமைச் சனத்துக்கு நடுவில், ழாக்குக்கு முன்னால், கரிகாலனுக்கு முன்னால்? கத்துகிற ஆளில்லை. ஜிஸ்லேனிடம் போவாரா? பொலிஸுக்குப் போவாரா? இருபத்தைந்து வருடத்துக்கு முந்தியது என்று சட்டம் சொல்லலாம், ஆனால் நான் குடியுரிமை எடுத்தபோது எழுதிக் கொடுத்தேனே, எந்தக் குற்றமும் செய்யாதவன் என்று, அது பொய் என்றால் கொடுத்ததைத் திருப்பி எடுப்பார்களா, எடுக்கலாம் என்று ஒருவன் சொன்னான், எடுக்க முடியாது என்று இன்னொருவன் சொன்னான், யாரிடம் கேட்பது, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். செவ்வாய்க்கிழமைப் பேச்சு? துண்டில் உள்ள என் படம்? முகநூலில் இரண்டு நிமிடத்தில் போய்விடும், வேட்பாளர் பெயர்த் திருடன் என்று. கோசலை என்ன செய்வாள்? அவள் திட்டமாட்டாள், அண்ணையின் அம்மா செத்தபோது அவள்தான் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள், ஒரு கிழமை முழுக்க. அவள் என்னைச் சும்மா பார்ப்பாள். போய்விடலாம். இப்போதே, நடந்து, எனக்குத்தான் நடக்கத் தெரியுமே... என்று நினைத்து ஒரு காலைத் தூக்கினேன், தெருவுக்கு அந்தப் பக்கத்தில் அந்த நீல மழைக்கோட்டு தெரிந்தது.

பச்சை விளக்கு எரிந்தபின் கடந்து வந்தார், ஒரு கையில் மீன்பை, மற்றக் கையில் மண்ணிறக் கடித உறை. அறுபத்தொரு வயது, இடதுகாலை இலேசாக இழுத்து நடப்பார், இரவு வேலை அவரை அப்படியாக்கிவிட்டது. கொன்ட்ரோல்காரரைத் தாண்டும்போது தானாகவே அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார். "என்னடா வெளிறிப்போய் நிக்கிறாய், காலமை சாப்பிட்டியோ?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "ஊரிலை அக்காவுக்குக் கடுமை, குகன். ரண்டு சிறுநீரகமும் ஏலாதாம். வைகாசி தாண்டுமோ தெரியாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அம்மாவைத்தான் பாக்கேல்லை, அவளையாவது பாக்கவேணும்." கடித உறையைத் திறந்தார், என் கண் அதற்குள் போய்விட்டது. "அகதிகளுக்கு உதவுற சங்கத்திலை ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு, கஜனி எண்டு, அது என்ரை பழைய ஃபைலை எல்லாம் பாத்திட்டு விளங்கப்படுத்தினது. எனக்கு இவ்வளவு நாளும் விளங்கேல்லை பார், நான் செய்யேல்லை செய்யேல்லை எண்டு சொன்னால் மட்டும் காணாதாம், அந்த நேரம் என்னோடை இருந்த ஆரும் எழுத்திலை சாட்சி சொல்லவேணுமாம். நான் ரிக்கற் இல்லாமல் போற ஆள் இல்லை, விடிய அஞ்சரைக்கு நான் ரயிலிலை இல்லை, அறையிலை படுத்திருந்தனான் எண்டு. அறையிலை இருந்ததிலை ரண்டு பேர் லண்டன், ஒராள் கனடா, மற்றவன் செத்துப்போனான். மிஞ்சினது நீதான். நீ இப்ப தேர்தலிலை நிக்கிற ஆள், உன்ரை எழுத்துக்கு ஒரு மதிப்பிருக்கும், இல்லையே?"

இவ்வளவுதானா! இதற்குத்தானா இரவு முழுக்க... உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது, சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, சந்தோசம்தான், மறைப்பானேன், கேவலமான ஒரு சந்தோசம், தெரியாது, அவருக்கு ஒன்றுமே தெரியாது. "அதுக்கென்ன அண்ணை, தாங்கோ, இப்பவே எழுதுறன்" என்றேன், குரல் எவ்வளவு பெரிதாக வந்தது. கஜனி அச்சடித்துக் கொடுத்த படிவம், சாட்சியின் பெயர், விலாசம், பொய்ச் சாட்சி தண்டனைக்குரியது என்று கீழே சின்ன எழுத்தில், அதற்கும் பயப்படவில்லை, எழுதப்போவது முழுக்க உண்மை அல்லவா. துண்டுப்பிரசுரக் கட்டை அடியில் வைத்து, பாலத்தின் தூணோடு சாய்ந்து எழுதினேன். கீழே கையொப்பமிடும் நான், குகதாசன். அடுத்த வரி, திரு. ஸ்ரனிஸ்லாஸ், பிறந்த திகதி பதினேழு பதினொன்று ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலு, பிறந்த இடம் பேசாலை, அக்காலத்து விலாசம், மூன்றாம் மாடி, இடப்பக்கக் கதவு, அஞ்சல் இலக்கம்... பேனா நிற்கவே இல்லை, அவ்வளவு வேகமாக என் சொந்தப் பெயரைக்கூட நான் எழுதியதில்லை. தலையை நிமிர்த்தினேன். அவர் கையில் அவருடைய வதிவிட அட்டை. பார்த்து எழுதுவதற்காக எனக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். எப்போதிருந்து நீட்டிக்கொண்டிருந்தாரோ, நான் அதைப் பார்க்கவே இல்லை.

மேலே ரயில் ஒன்று போனது. "பாக்காமலே எழுதிப்போட்டாய்," என்றார். "ஒண்டாய் இருந்தனாங்கள்தானே அண்ணை," என்றேன். "ஓம், ஒண்டாய்த்தான் இருந்தனாங்கள்." அட்டையை மெதுவாகப் பணப்பைக்குள் செருகினார், அது உள்ளே போக மறுத்தது, திரும்பச் செருகினார். "உன்ரை பிறந்த திகதி எனக்குத் தெரியாதே, குகன்." சாதாரணமாகத்தான் சொன்னார். சிரித்தாரா? உதடு அசைந்தது. அந்த அறையில் யாருக்கு யார் பிறந்தநாள் கொண்டாடினோம், கேக் வெட்டினோமா, ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவே நேரம் இல்லாமல் இருந்த காலம், அவருடைய திகதி எனக்கு ஏன் தெரியும் என்று ஒரு குழந்தைகூடக் கேட்கும். அவர் கேட்கவில்லை. "கையெழுத்தைப் போடு," என்றார். போட்டேன். "உன்ரை காட்டின்ரை கொப்பியும் சேத்து வைக்கவேணுமாம். தா, உந்தக் கடையிலை அடிச்சுக்கொண்டு வாறன், நீ உன்ரை வேலையைப் பார்." என் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன், மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மீன்பையை என் காலடியில் வைத்துவிட்டு, தாளும் அட்டையுமாக, விளக்கு மாறும் மட்டும் நின்று, அந்தப் பக்கம் போனார்.

ஆக, இந்த இடத்தில் இப்போது காகிதம் இல்லாமல் நிற்பது நான். கொன்ட்ரோல்காரர் இன்னும் அங்கேதான், அந்த மெலிந்த ஆளை விடவில்லை, ஒரு பெண் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், ஒரு பெயரைத்தான். ழாக் கேட்டான், உன் நண்பரா, நமக்கு வாக்களிப்பாரா என்று. அவருக்கு வாக்கில்லை என்றேன். ஏன் என்றான், முப்பது வருடமாக இங்கே இருக்கிறவர் மாதிரித் தெரிகிறாரே. ஏன் என்றா கேட்கிறாய்... கடைக்கண்ணாடிக்குள்ளால் அவர் தெரிகிறார், இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு பேர், மூன்றாவதாக நிற்கிறார், குனிந்து என் அட்டையைப் பார்க்கிறார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையைக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறார். என்ன பார்க்க இருக்கிறது அதில்? பெயர், பிறந்த திகதி, ஊர். மனப்பாடம் செய்கிறாரா? அல்லது கண் பார்வை குறைந்த மனிதர் சும்மா பார்க்கிறாரா? நான் அந்தத் தாளில் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அவர் ஒருநாளும் திருட்டுப் பயணம் போனதில்லை, அஞ்சரை மணிக்கு அறையில்தான் படுத்திருந்தார், ஆனால் அதை வாசிக்கிற அதிகாரி கேட்பான், சரி, அப்படியானால் அஞ்சரை மணிக்கு ரயிலில் இருந்தது யார் என்று. அந்த ஒரு வரி இல்லாமல் அந்தத் தாள் எதற்கு உதவும், மூன்றாவது தடவையும் இல்லை என்று சொல்ல வைக்கத்தான் உதவும், வைகாசியும் போய்விடும். அந்த வரியை எழுதக் கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். எழுதினால் செவ்வாய்க்கிழமை இல்லை, எட்டாம் இடம் இல்லை, அதற்கப்பால் என்னவெல்லாம் இல்லையோ தெரியாது. தெரியாததுதான் பயம், துண்டுகள் இரண்டு மூன்று கீழே விழுந்துவிட்டன, குனிந்து எடுக்கிறேன்.

நிமிர்ந்தபோது அவர் வெளியே வந்துவிட்டார், வீதியின் அந்தக் கரையில் நிற்கிறார். சிவப்பு விளக்கு. வாகனம் ஒன்றும் வரவில்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, சனம் எல்லாம் அவரைத் தாண்டிக் கடந்து வருகிறது, ஒரு பெண் குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள், அவர் மட்டும் தாளை நெஞ்சோடு பிடித்தபடி, பச்சை வரட்டும் என்று நிற்கிறார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், வாறன் நில் என்பது போல. இவ்வளவு நேரமும் அவர் கேட்டுவிடுவார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். கேட்கமாட்டார். தெரிந்திருந்தாலும் கேட்கமாட்டார், தெரியாவிட்டாலும் கேட்கமாட்டார், அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, மீன்பையை எடுத்துக்கொண்டு, கோசலையைக் கேட்டதாகச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.